அயலூரில் முதல் மார்கழி

பிறந்த ஊரை விட்டு அயல்நாட்டில் குடியேறுவோர்க்கு மிகவும் கடினமான நாள் எது? கப்பலோ விமானமோ ஏறிய நாள் என்றே பலரும் நினைப்பர். அன்று கண்ணீர் உண்டு. ஆனால் வழியனுப்ப வந்த உறவினர் கூட்டமும் உண்டு. போய் இறங்கிய நாளும் அவ்வளவு கடினமானதன்று. புதுமையும் வேலையும் அன்று மனத்தை நிறைத்துவிடும். அனுபவப்பட்டவர்களைக் கேட்டால், அயலூரில் முதல் பண்டிகை வரும் நாளே கடினமான நாள் என்பார்கள். அலுவலகத்துக்கு விடுமுறை; வீதியெங்கும் விளக்கலங்காரம்; ஊரார் அனைவரும் தத்தம் வீட்டுக்கு விரைந்துகொண்டிருப்பர். புதிதாய்க் குடிவந்த கணவனும் மனைவியும் மட்டும் நான்கு சுவர்களுக்குள், எங்கே செல்வது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அறியாமல் அமர்ந்திருப்பர்.

இன்று நம் பங்குகளில் மகனோ மகளோ அயல்நாட்டில் இல்லாத தெரு அரிது. ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று. மதுரையில் வாழும் நாம் இதைப் பற்றிச் சிந்திக்க இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளை வெளியே அனுப்பும் இவ்வூர், நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைவிலிருந்து வந்தோரை ஏற்றுவந்த ஊருமாகும். உரோமையிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும், பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்தும் வந்தவர்கள் தங்கள் முதல் மார்கழியை இங்கே கழித்திருக்கின்றனர். அவர்களுடைய வரலாற்றை அறிந்தால் நம் பிள்ளைகள் அங்கே படும் பாடு நமக்கு விளங்கும். இன்று நம் வாசலில் நிற்பவர்களும் நம் கண்ணுக்குத் தெரிவர்.

மாட்டுத்தாவணியில் ஓர் இரவு

மதுரையின் மார்கழியைக் காண விரும்புவோர் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்குச் செல்வதே வழக்கம். நாம் வையை ஆற்றைக் கடந்து, வடகரையில் மேலூர்ச் சாலையில் உள்ள மாட்டுத்தாவணிக்குச் செல்வோம். வருவோரும் போவோரும் சந்திக்கும் வாயில் அதுவே.

தாவணி என்றதும் இளம்பெண்களின் உடை நினைவுக்கு வரும். ஆனால் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீண்ட கயிற்றுக்கும் தாவணி என்றே பெயர். முன்பு மாட்டுச் சந்தை கூடிய இடமாதலால் இவ்விடம் அப்பெயரைப் பெற்றது. 1999ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் இங்கே திறக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்பது அதன் முறையான பெயர்; ஆயினும் பயணியரும் நடத்துநரும் மாட்டுத்தாவணி என்றே சொல்லி வருகின்றனர். மாடுகள் போய்விட்டன, பெயர் மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

மார்கழி பிறந்ததும் இந்நிலையத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. கறுப்பு வேட்டியும் மாலையுமாய்ச் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் ஒருபுறம். செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூர் செல்லும் பெண்கள் மறுபுறம். அரையாண்டுத் தேர்வை முடித்த விடுதி மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட நம் குடும்பங்கள் பாயும் சோற்றுப் பொட்டலமுமாய்த் தஞ்சாவூர் வண்டிக்குக் காத்திருக்கும். "திருச்சி, திருச்சி" என்று ஒரு குரல். "பரமக்குடி, இராமநாதபுரம், இராமேசுவரம்" என்று இன்னொரு குரல். தூங்கா நகரம் என்று மதுரைக்கு ஒரு பெயர் உண்டு. அது பொய்யன்று என்பதற்குப் பின்னிரவு இரண்டு மணிக்கு இந்நிலையத்தில் கிடைக்கும் சூடான தேநீரே சான்று.

அருகிலுள்ள மலர்ச் சந்தையில் வேறொரு வேடிக்கை. புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி பனிக்கு ஒடுங்கிவிடும். மார்கழியில் வரத்துக் குறையக் குறைய அதன் விலை ஏறும். சித்திரையில் கூடை கூடையாய் வாங்கியவர்கள் இப்போது கிண்ணத்தால் அளந்து வாங்குவர். சாலையோரத்தில் பருத்திப்பால் கொதிக்கிறது. சுக்கும் கருப்பட்டியும் மணக்க ஒரு குவளை குடித்தால் பனி தெரியாது. பனங்கிழங்குக் கட்டுகள் வரத் தொடங்கியிருக்கும். கிழக்கே பார்த்தால் விடியற்காலை மூடுபனியில் யானைமலை படுத்திருக்கும். அதற்கப்பால் மேலூர் வரை, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீரால் விளையும் வயல்கள்.

இவ்வளவுக்கும் மதுரையின் மார்கழி இரவில் வெப்பநிலை இருபது பாகையளவில்தான் இருக்கும். நம்மவர் காதை மூடிக் குல்லாய் அணிந்து நடுங்குகின்றனர். அதே வேளையில் ஐரோப்பாவிலிருந்து வந்த பயணி அரைக்கைச் சட்டையில் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். நமக்குக் குளிர்காலம், அவருக்கு அது குளிர்காலமே அன்று. அவரவர் உடம்பு அறிந்த மார்கழி வேறு வேறு என்பதை இங்கேயே காணலாம்.

நாற்பதாம் நாள் வந்த பெருவிழா

இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்து சேர்ந்தது 1606ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள். இத்தாலியில் உயர்குடியிற் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. கோவாவில் கரையிறங்கி ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. வந்த நாற்பதாம் நாள் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. இன்று பயணிகள் கண்டு வியக்கும் திருமலை நாயக்கர் அரண்மனை அன்று எழும்பவில்லை. முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் அரசாண்டுகொண்டிருந்தார்.

அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு இருந்தார். முன்னாளில் படைவீரராயிருந்தவர். சிறு ஆலயமும் பள்ளியும் மருந்தகமும் நடத்தி, முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்காக வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்த்துக்கீசியரையும் பேணி வந்தார். ஆனால் நகர மக்கள் அந்த ஆலயத்துப் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் பார்வையில் அது பரங்கியர் வீடு. அங்கே நடக்கும் விழா பரங்கியர் விழா. புதிதாய் வந்த இளங்குரு முதலில் கண்டுகொண்டது இதைத்தான்: தன் நாட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால் அயலூர் அதை எட்ட நின்றே பார்க்கும்.

அடுத்த ஆண்டு அவர் செய்த மாற்றம் உலகறிந்தது. பெர்னாந்தசின் இல்லத்தை விட்டுப் பிரிந்து, அந்தணர் வாழ்ந்த பகுதியில் மண்குடிசை ஒன்றில் குடிபுகுந்தார். காவி உடுத்தினார்; புலால் நீக்கினார்; நாளொன்றுக்கு ஒருவேளையே உண்டார். தமிழோடு வடமொழியும் தெலுங்கும் கற்றார். வழிபாட்டில் புழங்கிய போர்த்துக்கீசியச் சொற்களுக்கு மாறாகக் கோயில், பூசை, பிரசாதம் முதலிய நாட்டு வழக்குச் சொற்களை எடுத்தாண்டார். தத்துவ போதகர் என்று மக்கள் அவரை அழைத்தனர்.

இவற்றுள் நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து மூன்று வாரத்தில் இந்நாட்டில் பொங்கல் வருகிறது. கிறிஸ்தவர்கள் அதை விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, சிலுவையின் அடியில் புத்தரிசி பொங்கி உண்ணும்படி அடிகளார் இசைவளித்தார். இந்த நாட்டின் அறுவடைக்கு இறைவனுக்கு நன்றி சொல்லாமல் இந்த நாட்டில் வாழ்வது எங்ஙனம்? இத்தகைய போக்குக்காக அவர் தம்மவரிடமே பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வெளியிட்ட மடலே அவ்வழக்கை அவர் பக்கம் தீர்த்தது. 1656இல் மயிலாப்பூரில் கண்ணொளி மங்கிய முதியவராய் இறக்கும் வரை அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை.

அடிகளாருக்குக் குடும்பம் இல்லை, துறவி. தனித்து வாழப் பயிற்சி பெற்றவர். அப்படிப்பட்டவருக்கே அயலூர் பண்டிகைக் காலம் இவ்வளவு சிந்தனையைத் தந்தது எனில், இல்லற வாழ்வில் உள்ளவர்க்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கும் மதுரையில் ஒரு சான்று உண்டு.

வாய்த்தது ஒரே மார்கழி

நொபிலி அடிகளார் வந்து 228 ஆண்டுகள் கழிந்த பின், 1834ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்கப் புரட்டஸ்டாந்து மறைபோதகர் இருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்கு வந்தனர். ஒருவர் என்றி ஓய்சிங்டன். மற்றவர் வில்லியம் டாடு. யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளரும் உடன் வந்தனர். டாடின் மனைவி லூசி. பிற்காலத்தில் பசுமலையிலும் மதுரையிலும் பல பள்ளிகளுக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கும் வித்திட்ட அமெரிக்க மதுரை மிஷனின் தொடக்கம் இதுவே.

மதுரை அன்று மதிலும் அகழியும் சூழ்ந்த நகரம். பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அம்மதிலை இடித்து நகரை விரிவாக்கியது 1840களில்தான். நம் தூய மரியன்னைப் பேராலயம் நிற்கும் கீழவெளி வீதி முதலிய வெளி வீதிகள் அதன்பின் தோன்றியவை. வையையின் குறுக்கே பாலமும் இல்லை. ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889இல் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால் வடகரை வேறு, தென்கரை வேறு.

அந்த ஆண்டு டிசம்பர் டாடு தம்பதியர்க்கு மதுரையில் முதல் டிசம்பர். இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். இன்று அமெரிக்கா என்றால் கிறிஸ்மஸ் மரமும் விளக்கும் பரிசுப் பொருளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர்களை அனுப்பிய சபையின் தலைமையகம் பாஸ்டன் நகரில் இருந்தது. அந்தப் பகுதியில் பழைய பியூரிட்டன் மரபின் காரணமாக டிசம்பர் 25 அந்நாளில் பெரிதாகக் கொண்டாடப்படவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் அந்நாளைச் சட்டப்படி விடுமுறையாக்கியது 1856இல்தான். எனவே நாம் இன்று பழைமையான மேனாட்டு வழக்கம் என்று கருதும் பலவற்றை அவர்கள் தங்களோடு கொண்டுவந்திருக்க வாய்ப்பில்லை.

அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்தனர். பழகிய பனிக்காலம் இருந்தது. பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த காலம் அது. மதுரையில் எழுதிய கடிதம் அமெரிக்கா போய்ச் சேர நான்கைந்து மாதம். மறுமொழி வர மேலும் நான்கைந்து மாதம். மார்கழியில் 'நலம்' என்று எழுதினால், அதைப் படித்து மகிழ்ந்து தாய் எழுதும் விடை அடுத்த ஐப்பசி அளவில்தான் வரும்.

அந்த ஐப்பசியைக் காண லூசி இருக்கவில்லை. 1835ஆம் ஆண்டு செப்டம்பரில், கீழைக் கடற்கரையில் தேவிபட்டினத்தில் அவர் உயிர் நீத்தார். மதுரையில் அந்தத் தம்பதியர் சேர்ந்து கழித்த மார்கழி ஒன்றே ஒன்று. நோயும் வெப்பமும் இவ்வாறு பல குடும்பங்களைச் சிதைத்தமையால், அந்த மிஷனார் 1845இல் கொடைக்கானல் மலையில் வீடுகள் எழுப்பத் தொடங்கினர். இன்று நாம் கோடை விடுமுறைக்குச் செல்லும் அந்நகரம், சமவெளியில் மனைவியரையும் மக்களையும் இழந்தோரின் துயரத்தில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். சபை வேறாயினும் துயரம் வேறன்று. வீடு விட்டு வந்த ஒரு பெண்ணுக்காக ஒரு கணம் செபிக்க அது தடையாகாது.

தேம்பாவணியின் தலைவர்

அயலூரில் முதல் பண்டிகை என்று பேசும் கிறிஸ்தவர், அந்த முதல் கிறிஸ்து பிறப்பையே மறக்க இயலாது. நாசரேத்தூரை விட்டு வந்த ஒரு தம்பதியர்; கணவன் தச்சர்; மனைவி நிறைமாதக் கருவுற்றவர்; சத்திரத்தில் இடமில்லை. அதன்பின்னும் ஊர் திரும்ப முடியவில்லை. அரசனின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்து நாட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. திருக்குடும்பத்தின் தொடக்க நாட்கள் அயல்நாட்டு வாழ்வாகவே கழிந்தன.

இந்தத் தச்சரைத் தலைவராகக் கொண்டு தமிழில் பெருங்காப்பியம் பாடியவரும் ஓர் அயல்நாட்டவரே. இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர், மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தவர். அவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் கொண்டது. வளன் என்று அவர் பெயரிட்ட சூசையப்பர் வாழ்ந்த யூதேய நாடு, அக்காப்பியத்தில் நம் மருத நிலத்தைப் போலவே வயலும் வாய்க்காலுமாய்க் காட்சி தருகிறது. புலவர்கள் இதைக் காப்பிய மரபு என்பர். ஆனால் தாமே வீடிழந்து வந்த ஒருவர், தம் அன்புக்குரிய புனிதரையும் இந்த மண்ணிலேயே குடியேற்றி வைத்தார் என்றும் அதைப் படிக்கலாம்.

பேருந்து ஓடாத நாள்

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். மதுரையிலிருந்து சென்ற இளந்தம்பதியர் இலண்டனில் முதல் கிறிஸ்மஸைக் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். டிசம்பர் இறுதியில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடியும். மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். டிசம்பர் 25 அன்று அந்த மாநகரில் பேருந்து ஓடாது. சுரங்க இரயிலும் ஓடாது. பெரிய கடைகள் மூடியிருக்கும். நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் குறையாத மாட்டுத்தாவணியைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு, கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டின் தலைநகர் இப்படி ஓசையின்றிக் கிடப்பது பண்டிகையாகவே தோன்றாது. நமக்குப் பண்டிகை வீதியில் நடக்கிறது. அவர்களுக்கு அது கதவுக்குப் பின்னால் நடக்கிறது. இந்த வேறுபாட்டை முன்னரே அறிந்து செல்லாதவர்கள், 'யாரும் நம்மை மதிக்கவில்லை' என்று தவறாக எண்ணிக்கொள்வர்.

கடிகாரமும் சதி செய்யும். இங்கே நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி அடிக்கும்போது இலண்டனில் 24ஆம் நாள் மாலை ஆறரை மணி. டொராண்டோவில் அன்று பிற்பகல் ஒன்றரை மணி. அலுவலகத்தில் நின்றுகொண்டே கைபேசியில் நம் ஆலயக் குடிலைப் பார்ப்போர் உண்டு. வளைகுடா நாடுகளில் டிசம்பர் 25 பொது விடுமுறையே இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்தே கோவிலுக்குச் செல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக உள்ள இடங்களில் ஞாயிறு வழிபாடும் வெள்ளியன்றே நடைபெறுவது உண்டு.

கணவனுக்குப் பெரும்பாலும் வேலையிடம் என்று ஒன்று இருக்கும்; நான்கு பேர் முகம் பார்க்கலாம். துணைவியாக மட்டும் உடன் சென்ற பெண்ணின் நிலை வேறு. பல நாடுகளில் அவளுக்கு உடனே வேலை பார்க்க உரிமை கிடைப்பதில்லை. வெளிச்சம் குறைந்த அந்த மாதங்களில் மனச்சோர்வு வருவதும் உண்டு; மருத்துவரே ஒப்புக்கொள்ளும் நோய் அது, பலவீனமன்று. பிரிட்டனில் குளிர்காலத்தில் எல்லோரும் நாளொன்றுக்குப் பத்து மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வதைக் கருதுமாறு அரசு மருத்துவத்துறையே அறிவுறுத்துகிறது. மாநிறத்தார்க்கு அது இன்னும் தேவை. நண்பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பதும் நல்லது. சிறு காரியங்களுக்காக அந்த வீடுகளில் எழும் சண்டைகள் பலவற்றுக்கும் வேர், ஒருவர் மற்றவர்க்குத் தாயாகவும் தங்கையாகவும் ஊராகவும் இருக்க முயன்று களைத்துப்போவதே.

இதற்கு மருந்து என்ன? முதலாவது, திருவருகைக் காலம் தொடங்கும் முன்பே அந்த ஊர்ப் பங்குத்தந்தையிடம் சென்று, 'நாங்கள் புதியவர்கள்' என்று சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே 1888இல் கட்டப்பட்ட தூய லூர்து அன்னை ஆலயம் உண்டு. டொராண்டோவில் ஆரோக்கிய அன்னையின் பெயரால் தமிழ்ப் பங்கே உண்டு. தமிழ்த் திருப்பலி கிடைக்கும் இடத்தில் அதைத் தேடிச் செல்வது இயல்பு. ஆனால் அதோடு நின்றுவிடுவது போதாது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி காணும் வழக்கமுடையவர்; சென்ற இடமெல்லாம் அதை நடத்துகின்றனர். நம் மார்கழி விடியலை அவர்களிடம் காணலாம். போலந்து நாட்டவர் கிறிஸ்மஸ் முன்னிரவு விருந்தில் எதிர்பாராத விருந்தாளிக்கென ஓர் இடத்தைக் காலியாக விட்டு இலை போட்டு வைப்பர். அந்த இடத்தில் அமரக் கூச்சப்படாத தம்பதியர்க்கு அந்த ஊர் அந்நியமாக இராது.

இரண்டாவது, அழைப்புக்குக் காத்திராமல் அழைத்துவிட வேண்டும். அச்சு முறுக்கோ அதிரசமோ ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தினால், பெரும்பாலும் அக்கதவு திறக்கவே செய்யும். மூன்றாவது, ஊரிலிருக்கும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. தொலைபேசியில், 'நீ இல்லாமல் எங்களுக்குப் பண்டிகையே இல்லை' என்று அழாதீர்கள். சொல்லுகிறவர்க்கு அது அன்பு. கேட்கிறவர்க்கு அது சுமை. 'பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன பலகாரம் கொடுத்தாய்?' என்று கேளுங்கள்.

நம் வாசலில் நிற்பவர்கள்

இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், நம் ஊருக்கு வந்தவர்க்கு என்ன செய்தோம்?

1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னும், மீண்டும் 1990 முதலும், இலங்கையிலிருந்து படகேறி வந்தோர் மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. 2021இல் தமிழ்நாடு அரசு அம்முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மன்னார்ப் பகுதியிலிருந்து வந்தோரில் நம் கத்தோலிக்க மக்கள் பலர். அவர்களுக்கு மொழி தமிழே, வழிபாடும் நம்முடையதே. ஆயினும் ஆலயம் இழந்து, கல்லறைத் தோட்டத்தையும் விட்டு வந்த அந்த முதல் மார்கழியில், நட்சத்திரம் தொங்கவிடத் தமக்கென ஒரு வாசல் அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரே மொழி பேசினாலும் அயலூர் அயலூரே. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். இன்னும் அவர்கள் 'முகாம்காரர்' என்றே குறிக்கப்படுகின்றனர்.

இப்போது மாட்டுத்தாவணியில் இன்னொரு கூட்டத்தைக் காணலாம். தோளில் ஒரு பை, கையில் ஒரு நெகிழி வாளி. கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் ஆலைக்கும் வரும் வடமாநில இளைஞர்கள். சிலர் இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வருகின்றனர். அவர்களுள் சார்க்கண்டு, ஒடிசா, சத்தீசுகரைச் சேர்ந்த பழங்குடிக் கத்தோலிக்கரும் உண்டு. 1885இல் இராஞ்சிப் பகுதிக்கு வந்த பெல்சிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்சின் உழைப்பால் அங்கே திருச்சபை வேரூன்றியது. இராஞ்சியில் டிசம்பர் இரவு நம் கொடைக்கானலைப் போலக் குளிரும். அங்கே நெருப்பைச் சுற்றிக் கைகோத்து ஆடிப் பாடிக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியவர்கள், இங்கே கட்டி முடியாத கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மொழி தெரியாமல், 25ஆம் நாள் விடுமுறை உண்டா இல்லையா என்றும் தெரியாமல் படுத்திருக்கின்றனர். இலண்டனில் நம் மகளுக்கு ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கும் போலந்துத் தாயை நாம் வாழ்த்துகிறோம். நம் மேசையில் அந்த இடம் எங்கே?

செய்யக் கூடியவை பெரியவை அல்ல. மார்கழியில் இல்லந்தோறும் பஜனை பாடிச் செல்லும் இளைஞர் குழு, இவ்வாண்டு ஓரிரவு மட்டும் பாதையை மாற்றி, பங்கின் எல்லைக்குள் நடக்கும் கட்டட வேலையிடத்துக்கும் போகலாம். நள்ளிரவுத் திருப்பலியில் மன்றாட்டு ஒன்றை இந்தியில் சொல்ல ஒரு தொழிலாளியை அழைக்கலாம். பெருவிழாவன்று ஒரு தம்பதியரை வீட்டுக்கு அழைத்துச் சோறிடலாம். முகாமில் இருக்கும் குடும்பத்துக்குப் பழைய துணி அனுப்புவதைவிட, அவர்கள் வீட்டுக்குச் சென்று அவர்கள் தரும் தேநீரைக் குடிப்பது மேலான கொடையாகும்.

நொபிலி அடிகளார் இம்மண்ணின் பொங்கலைச் சிலுவையின் அடியில் வைத்தார். புலம்பெயர்ந்த வளனுக்கு வீரமாமுனிவர் தமிழில் ஒரு வீடு கட்டினார். வந்தவர்கள் நமக்குச் செய்தவை அவை. இன்று வருவோருக்கு நாம் செய்ய வேண்டியது ஒரு தட்டுச் சோறும், ஒரு பாயும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலுமே. மார்கழி பிறந்ததும் உங்கள் தெருவைச் சற்று உற்றுப் பாருங்கள். எந்த வீட்டு வாசலில் கோலம் இல்லை, நட்சத்திரம் இல்லை, வந்து போவார் இல்லை என்று பாருங்கள். அந்தக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள். அதே நேரத்தில் எங்கோ ஓர் அயல்நாட்டில் உங்கள் மகன் வீட்டுக் கதவையும் யாரோ ஒருவர் தட்டட்டும் என்று செபியுங்கள்.